பட்டமும் தொட்டிலும்: பல்கலைக்கழக மாணவரின் தொழில், இல்லறச் சிந்தனை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மாத்தளையிலிருந்து கண்டிக்கு இறங்கும் வீதி மகாவலி கங்கையைக் கடக்கும் இடம் கட்டுகஸ்தோட்டை. மாலை நேரத்தில் இங்குள்ள பஸ் தரிப்பிடத்தில் நிற்போர், கண்டியிலிருந்து வரும் வண்டிகளில் இருவகைப் பெண்கள் இறங்குதலைக் காணலாம். ஒருசாரார், பேராதனைப் பல்கலைக்கழக விடுதிகளில் இடம் கிடையாமையால் இவ்வூரில் வாடகை அறைகளில் தங்கியிருக்கும் மாணவியர். மற்றச் சாரார், கண்டி நகரத்துக் கந்தோர்களிலும் பாடசாலைகளிலும் வைத்தியசாலையிலும் கடமை முடித்து, ஒரு கையில் மரக்கறிப் பையும் மறு கையில் பிள்ளையின் புத்தகப் பையுமாக வருவோர். முன்னவர் பின்னவரைப் பார்க்கும் பார்வையில் ஒரு கேள்வி உண்டு. இன்னும் ஐந்தாறு ஆண்டுகளில் தாமும் அந்த இரண்டு பைகளுடன் இறங்குவதா, ஒரு பையுடன் இறங்குவதா, இறங்கவே வேண்டாத நிலையை நாடுவதா என்பதே அக்கேள்வி.

இதனை மாணவியர் தத்தம் குணத்துக்கும் விருப்பத்துக்கும் ஏற்பத் தீர்த்துக்கொள்ளும் தனிப்பட்ட விடயமாகக் கருதுவோர் பலர். ஒருத்தி இல்லறத்தில் நாட்டமுடையவள், மற்றொருத்தி உத்தியோகத்தில் நாட்டமுடையவள் என்று கூறி அமைவர். வரலாற்றை நோக்குமிடத்து இக்கூற்றுப் பொருந்துவதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு தலைமுறை மாணவியரும் எதனை விரும்பலாம் என்று எண்ணினர் என்பதை, அவர்கள் வேலைக்குச் சென்றபின் வீட்டிலுள்ள குழந்தையை யார் பார்ப்பார் என்ற வினாவுக்கு அக்காலத்துச் சமுதாயம் முன்னரே வகுத்துவைத்த விடைதான் பெரும்பாலும் தீர்மானித்திருக்கிறது. இக்கட்டுரை அவ்விடைகளைக் காலமுறையில் ஆராய முயல்கின்றது. கட்டுகஸ்தோட்டையைச் சூழ்ந்த நிலப்பகுதியே அதற்கு வேண்டிய சான்றுகளுட் பலவற்றைத் தருதலின் இங்கிருந்து தொடங்குதல் தகும்.

கங்கையின் இக்கரையிலுள்ள ஹாரிஸ்பத்துவப் பகுதியின் பழைய கண்டிச் சிங்களக் குடியானவரிடையே இருவகைத் திருமணங்கள் வழங்கின. பெண் கணவன் வீட்டுக்குச் சென்று வாழ்வது தீக மணம்; கணவன் பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்வது பின்ன மணம். பின்ன மணத்திற் பெண்ணானவள் பிறந்த வீட்டு நிலத்தில் தன் உரிமையை இழந்திலள். 1859 ஆம் ஆண்டின் கண்டி விவாகக் கட்டளைச் சட்டம் திருமணப் பதிவை வேண்டியபொழுதும், பின்னர் 1952 ஆம் ஆண்டில் வந்த கண்டி விவாக, விவாகரத்துச் சட்டமும், இவ்விரு வகைகளையும் ஏற்றுக்கொண்டன. இது சட்ட மாணவருக்கு மாத்திரம் உரிய செய்தி என்று ஒதுக்கற்க. பின்ன மணத்தில் வாழ்ந்தவள் வயலுக்குச் சென்றபொழுது தொட்டிலை ஆட்டியவள் அவளைப் பெற்ற தாய். தீக மணத்தில் அப்பணி மாமியைச் சார்ந்தது. வேலையும் மகப்பேறும் ஒன்றோடொன்று முரணும் என்ற எண்ணம் அங்கு எழ இடமில்லை. உழைப்பு வீட்டைச் சுற்றியே நடந்தது. குழந்தைக்கு ஆளும் அங்கேயே இருந்தது.

தமிழரிடத்தும் நிலை இதற்கு வெகு தூரத்ததன்று. மட்டக்களப்புப் பகுதியிற் குடிவழி தாய்வழியாக வருதலும், வீடும் வளவும் பெண்மக்களைச் சேர்தலும், மணமகன் மனைவியின் வீட்டிற் சென்று வாழ்தலும் நெடுநாள் வழக்கங்கள். யாழ்ப்பாணத்திலும் மகளுக்கு வீடு சீதனமாகக் கொடுக்கும் வழக்கத்தால், மணமான பெண் தாயின் வேலிக்கு அப்பால் அல்லது அடுத்த ஒழுங்கையிற் குடியிருத்தல் இயல்பாயிற்று. அதனாலேயே தமிழ்க் குடும்பத்தின் உண்மையான குழந்தைக் காப்பகம் அம்மம்மாவின் மடியாக இருந்தது. சீதனம் பற்றி எழுதியோர் நிலத்தையும் நகையையும் பணத்தையும் கணக்கிட்டனர். மானிடவியலறிஞர் ஸ்டான்லி தம்பையா 1973 ஆம் ஆண்டில் ஜாக் குடியுடன் இணைந்து வெளியிட்ட நூல் இத்துறையில் உலகமறிந்தது. ஆயினும் வீட்டோடு கூடவே மகளுக்குக் கிடைத்த இந்தத் தாயின் அண்மையைச் சீதனப் பட்டியலில் எந்த நொத்தாரிசும் எழுதிவைக்கவில்லை. பிற்காலத்துத் தமிழ்ப் பட்டதாரிப் பெண்ணின் தொழில் வாழ்வு முழுவதும் தங்கி நின்றது இந்த எழுதாத சொத்தின் மேலேயாகும்.

சீதனத்துக்கு மறுபக்கமும் உண்டு. தேசவழமை 1706 ஆம் ஆண்டில் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்சினால் தொகுக்கப்பெற்று, 1806 ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சியின் கீழும் சட்ட வலுப் பெற்றது. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றிப் பராதீனஞ் செய்தல் இயலாது. ஆகவே வீடு அவளுடையது. அதை விற்கும் கை முழுவதும் அவளுடையதன்று. மாதச் சம்பளம் என்ற ஒன்று பெண்ணின் கைக்கு வந்தபொழுது அதன் புதுமை எத்தகையது என்பதை இப்பின்னணியிலேயே அறிதல் வேண்டும்.

உயர்கல்வி கற்ற பெண்களின் முதற் தலைமுறையை இனி நோக்குவாம். 1870 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற கொழும்பு மருத்துவக் கல்லூரி பெண்களை ஏற்கத் தொடங்கியது 1892 ஆம் ஆண்டிலாகும். அக்காலத்திற் கற்ற பெண்ணின் முன் நின்றவை இரண்டு வழிகள்: தொழில் அல்லது குடும்பம். இரண்டையும் இணைக்க முயன்றவர் பட்ட பாட்டுக்கு டாக்டர் மேரி இரட்னம் சான்றாவார். கனடா நாட்டிற் பிறந்து மருத்துவம் பயின்ற இவர், மிஷன் வைத்தியராக இலங்கைக்கு வரவிருந்த காலத்தில் ஓர் இலங்கைத் தமிழரை மணந்தார். அம்மணத்தை அறிந்த மிஷன் அவரைப் பணியில் வைத்துக்கொள்ள மறுத்தது. அவர் சோர்ந்திலர். கொழும்பிலே சொந்தமாக வைத்தியத் தொழில் நடத்திப் பிள்ளைகளையும் வளர்த்து, 1930 ஆம் ஆண்டில் லங்கா மகிளா சமித்தியை நிறுவி, 1958 ஆம் ஆண்டில் மக்சேசே விருதும் பெற்றார். தனித்தொழில் அவருக்குக் கைகொடுத்தது என்பதைக் கவனித்தல் வேண்டும். சம்பளத் தொழில் மட்டுமே கதியென்றிருப்பின் வரலாறு வேறாயிருக்கும்.

தமிழகத்திலும் இதே இருவழி நிலையைக் காண்கிறோம். சென்னை மாகாணத்துப் பிராமண வகுப்பில் முதன்முதற் பட்டம் பெற்ற பெண்ணான சகோதரி சுப்புலட்சுமி பால்ய விதவை. அவர் 1911 ஆம் ஆண்டிற் பட்டம் பெற்று, இளம் விதவைகளுக்கு இல்லம் அமைத்து, அவர்களை ஆசிரியைகளாக்கினார். சமுதாயம் இல்லறத்தை மறுத்துவிட்ட பெண்ணுக்கே அது தொழிலைக் கொடுக்க இசைந்தது என்பது இதனாற் புலனாகும். மணமகளுக்கு மூடப்பட்டிருந்த கதவு விதவைக்கும் கன்னியாஸ்திரிக்குமே திறந்தது. இதற்குப் புறனடையாக நிற்பவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1912 ஆம் ஆண்டிற் சென்னை மருத்துவக் கல்லூரியிற் தேறிய அவர், தம்மைச் சமமாக மதித்தல் வேண்டும், தம் பணிக்கு இடையூறு செய்தலாகாது என்ற நிபந்தனையின்பேரிலேயே 1914 ஆம் ஆண்டில் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. நிபந்தனை விதித்து மணம்புரியும் பெண் அன்று நூறாயிரத்தில் ஒருத்தி. இன்றும் அத்தொகை பெரிதும் ஏறிவிடவில்லை என்றே அஞ்சுகின்றோம்.

இது கீழைத் தேசத்துக்கே உரிய குறை என எவரும் எண்ணற்க. அமெரிக்க நாட்டுப் பட்டதாரிப் பெண்களின் ஒரு நூற்றாண்டுக் கால வாழ்வை ஆராய்ந்து 2023 ஆம் ஆண்டிற் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்ற குளோடியா கோல்டின், 1900க்கும் 1920க்கும் இடையிற் பட்டம் பெற்ற தலைமுறையிற் பாதியளவினர் பிள்ளையின்றியே வாழ்ந்து முடிந்தனர் என்று காட்டுகின்றார். அடுத்துவந்த தலைமுறை சிலகாலம் வேலை பார்த்துப் பின் குடும்பத்துள் ஒடுங்கியது. அதற்கடுத்தது முதலிற் குடும்பத்தை வளர்த்துப் பின்னர் வேலை தேடியது. அதன் மக்கள் முதலிற் தொழில், பின்னர் குடும்பம் என வரிசையை மாற்றினர். இரண்டையும் ஒருங்கே வேண்டும் என்று துணிந்து கேட்ட தலைமுறை 1980ஐ அடுத்தே பட்டம் பெற்றது. மனித இயல்பு இருபது ஆண்டுக்கொருமுறை மாறுவதில்லை, வழிகளே மாறின.

வழி மாறாதிருக்கும்படி அரசாங்கங்கள் சட்டமும் செய்திருந்தன. மணமான பெண் உத்தியோகத்தை விட்டு நீங்கவேண்டும் என்ற விதி பிரித்தானிய ஆசிரியைகளைப் பொறுத்தவரை 1944 ஆம் ஆண்டிலும், அந்நாட்டுப் பொதுச் சிவில் சேவையைப் பொறுத்தவரை 1946 ஆம் ஆண்டிலுமே நீக்கப்பட்டது. சுதந்திர இந்தியா அவ்விதியைப் புதுப்பித்துக்கொண்டமை விந்தையே. 1951 ஆம் ஆண்டுத் தொகுதியில் இந்திய ஆட்சிப்பணிக்குத் தெரிவாகிச் சென்னை மாநிலத்தில் அமர்ந்த முதற் பெண்ணான அன்னா ராஜம் அவர்களின் நியமன ஆணை, மணம் புரிந்தாற் சேவை முடிவுறும் என்று கூறிற்று. வெளிநாட்டுச் சேவையில் முதற் பெண்ணான சி. பி. முத்தம்மா தமக்கு உயர்பதவி மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்காடினார். பெண்ணின் மணத்துக்கு அரசின் அனுமதி வேண்டும் என்ற அச்சேவை விதியை 1979 ஆம் ஆண்டில் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் கடுமையாகக் கண்டித்தார். ஆணுக்கு மணமானால் அவன் வேலையிற் கவனங் குறைவான் என்று எந்த அரசாங்கமும் விதி எழுதியதில்லை. மாறாக, மணமான ஆண் பொறுப்புள்ளவன் என்று கருதப்பட்டான். அவன் வீட்டைப் பார்க்க ஒருத்தி வந்துவிட்டாள் என்பது அதன் உட்கருத்து.

இப்பின்னணியில் நமது பல்கலைக்கழகத்துக்கு வருவோம். சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் 1906 ஆம் ஆண்டு தொடங்கிச் செய்த கிளர்ச்சியின் பயனாக 1921 ஆம் ஆண்டிற் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942 ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகமும் தோன்றின. அவ்வாண்டில் மாணவர் தொகை ஆயிரத்தை எட்டவில்லை. அவருட் பெண்கள் நூற்றுக்குப் பத்தளவினரே. 1945 ஆம் ஆண்டில் இலவசக் கல்வி வந்தது. 1952 ஆம் ஆண்டிற் கலைப்பீடம் பேராதனைக்குப் பெயர்ந்தது. உபவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் கனவுகண்ட உறைவிடப் பல்கலைக்கழகம் மகாவலிக் கரையில் உருப்பெற்றது. சங்கமித்தை, ஹில்டா ஒபயசேகர என்னும் பெயர்கள் தாங்கிய விடுதிகளில் வடக்கிலும் கிழக்கிலுமிருந்து வந்த பெண்கள் தாயின் வேலிக்கு அப்பாற் சென்று முதன்முறையாக வாழ்ந்தனர். 1960 ஆம் ஆண்டளவிற் சுயமொழி மூலம் கற்றோர் கலைப்பீடத்துட் புகத் தொடங்கியதும் தொகை பெருகிற்று. அறுபதுகளின் நடுப்பகுதியிற் பெண்கள் ஏறத்தாழ ஐந்தில் இருவராயினர்.

அக்காலத்து மாணவியர் எதனை எண்ணினர்? பெரும்பான்மையோர் ஆசிரியத் தொழிலையே எண்ணினர். இதனைப் பெண்மையின் இயல்பான அன்புக்கும் பொறுமைக்கும் உரிய தொழில் என்று பரிசளிப்பு விழாக்களிற் பேசுவோர் புகழ்ந்துரைப்பது வழக்கம். உண்மைக் காரணம் மணிக்கூட்டில் இருக்கிறது. நம் நாட்டுப் பாடசாலை பிற்பகல் ஒன்றரை மணியளவிற் கலைகின்றது. தாய் கற்பிக்கும் நேரமும் பிள்ளை கற்கும் நேரமும் ஒன்று. தாயின் விடுமுறையும் பிள்ளையின் விடுமுறையும் ஒன்று. ஆசிரியத் தொழிலைத் தெரிந்த மாணவி தன் உள்ளத்தின் அழைப்பைக் கேட்டாளோ இல்லையோ, பாடசாலை மணியின் ஓசையைக் கேட்டிருந்தாள். கணிதத்திலும் இரசாயனத்திலும் ஆராய்ச்சிக்குரிய திறமை படைத்த எத்தனையோ பேர் ஒன்றரை மணிக்கு வீடு திரும்பவேண்டும் என்ற ஒரே காரணத்தினாற் பத்தாம் வகுப்புப் பாடத்தோடு அமைந்தனர். இத்தகையோரிடம் கற்ற நாம் அடைந்த நயம் பெரிது என்பதை மறுப்பதற்கில்லை. நாடு அடைந்த நட்டத்தை அளப்பதற்குத்தான் கருவியில்லை.

வேறு வழி சென்றோரும் இருந்தனர். 1960 ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தில் முதன்முதலாக ஒரு பெண் சேர்ந்தார். அவர் தமிழ்ப் பெண்ணான பிறேமளா சிவப்பிரகாசபிள்ளை, பின்னாளிற் சிவசேகரம். 1964 ஆம் ஆண்டில் அவர் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே அப்பீடமும் பேராதனைக்கு வந்தது. இன்று மருத்துவ பீடங்களிற் பெண்கள் பாதிக்கு மேலாயிருக்கப் பொறியியற் பீடங்களில் இன்னும் சிறுபான்மையினராகவே உள்ளனர்.

ஆண் மாணவன் இக்கேள்வியை எவ்வாறு எதிர்கொண்டான்? அவனிடம் இக்கேள்வி கேட்கப்படவேயில்லை. அரசாங்க உத்தியோகம் கிடைத்தவுடன் அவனது பெறுமதி கலியாணத் தரகரின் குறிப்புப் புத்தகத்தில் ஏறிற்று. வைத்தியன், பொறியியலாளன், சிவில் சேவையாளன் ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொரு சீதனத் தொகை ஊரறிய வழங்கியது. அவனுக்குத் தொழிலும் இல்லறமும் ஒரே ஏணியின் இரு படிகள். முதற்படியில் ஏறியவன் இரண்டாவதில் தானே ஏற்றப்பட்டான். பட்டம் பெற்ற பெண்ணுக்கோ, மிகப் படித்தவள் என்பது சில வீடுகளிற் குறையாகவும், சம்பளம் உடையவள் என்பது வேறு சில வீடுகளில் மாதந்தோறும் வரும் சீதனமாகவும் எண்ணப்பட்டது. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளிற் கலைப் பட்டதாரிகளுக்கு வேலையின்மை பெருகி, 1971 ஆம் ஆண்டிற் கிளர்ச்சியும் மூண்டு, உலகத் தொழில் தாபனத்தின் சார்பில் டட்லி சியர்ஸ் குழுவினர் வேலைவாய்ப்பைப் பற்றி அறிக்கையும் செய்த காலத்திற் சம்பளமுள்ள மணமகளின் மதிப்பு மேலும் உயர்ந்தது. அவள் சம்பளத்தை விரும்பியோர் எல்லோரும் அவள் சமையலறையைப் பகிர்ந்துகொள்ள விரும்பினர் என்று கூறுதற்கில்லை.

ஆசிரியத் தொழிலை நம்பிய பெண்ணுக்கும் இடமாற்றம் என்ற ஒன்று வந்து சேர்ந்தது. புதிய நியமனம் பெற்றவர் கஷ்டப் பிரதேசம் எனக் குறிக்கப்பெற்ற இடங்களிற் சில ஆண்டுகள் சேவை செய்தல் வேண்டும் என்பது விதி. வன்னிக்கும் மலையகத்துக்கும் ஆசிரியர் வேண்டும் என்பதும், அங்குள்ள பிள்ளைகளுக்கும் பட்டதாரிகள் கற்பிக்கவேண்டும் என்பதும் நியாயமானவை. ஆயினும் அம்மம்மாவை அடுத்த ஒழுங்கையில் விட்டுவிட்டு, கைக்குழந்தையுடன் பஸ் ஓயும் ஊருக்குச் செல்லும் இளம் ஆசிரியைக்கு அவ்விடத்தில் என்ன ஏற்பாடு உண்டு என்ற கேள்வி நியமனக் கடிதத்தில் இடம்பெறவில்லை. பழைய விடை இங்கேயே முதலில் உடைந்தது. பின்னர் 1983 ஆம் ஆண்டும் அதனை அடுத்த போரும் வந்தபொழுது, குடும்பங்கள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிதறிய பின்னர், பேரப்பிள்ளை பிறக்கும் ஒவ்வொரு முறையும் விசாவுக்கு விண்ணப்பிக்கும் அம்மம்மாமாரைக் கண்டோம். வேலியைத் தாண்டிச் சென்ற உதவி கடலைத் தாண்டிச் செல்லவேண்டியதாயிற்று.

மலையகத்துக்கு வந்தபின் நாம் காணும் காட்சி நம் கருத்துக்கு இன்றியமையாதது. கோப்பிக் காலத்திற் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மாத்தளைக்கு வந்து, அங்கிருந்து கண்டிக்குச் சென்றோரின் வழி இந்தக் கட்டுகஸ்தோட்டைத் துறையூடாகவே சென்றது. கோப்பிச் செடி நோயுற்று அழிந்தபின் தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கும் கைகள் வேண்டும், அக்கைகள் பெண்களுடையன. விடியற்காலையிற் பெரட்டுக்குப் போகவேண்டிய பெண்ணின் குழந்தைக்கு ஒரு வழி செய்யாவிடிற் கொழுந்து முற்றிவிடும். ஆகவே தோட்டங்களிற் பிள்ளைக் காம்பிரா தோன்றிற்று. பேராதனைக்குப் பல்கலைக்கழகம் வருமுன்பே தோட்டத்துத் தாய்மார் தம் குழந்தைகளை அங்கே விட்டுக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறினர். 1939 ஆம் ஆண்டின் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம் தோட்டங்களை மனத்திற்கொண்டே பல விதிகளை வகுத்தது. குழந்தைக்கு ஒரு வயது நிறையும் வரை தாய்க்கு நாளுக்கு இருமுறை பாலூட்டும் ஓய்வு கொடுக்கவேண்டும் என்றும், பிள்ளைக் காப்பகம் உள்ள இடத்தில் ஒவ்வொன்றும் அரை மணி நேரமும் இல்லாத இடத்தில் ஒரு மணி நேரமும் ஆகவேண்டும் என்றும் அச்சட்டம் இன்று கூறுகின்றது.

இதனை அருளுடைமை என்று பாராட்டுதற்கில்லை. அந்தக் காம்பிராக்களிற் பல ஒடுங்கிய, ஈரம் படிந்த அறைகள். ஆயா ஒருத்தி பல குழந்தைகளை ஒருங்கே பார்த்தாள். அதே வேலைக்கு ஆணுக்குக் கொடுத்த நாட்சம்பளம் பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டதில்லை. சம்பளம் சமமாக்கப்பெற்றது 1984 ஆம் ஆண்டிலேயே. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அத்தாய்மாரிற் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியும் இருந்தது. எனினும் ஓர் உண்மை இதிற் பளிச்சிடுகின்றது. ஒருத்தியின் உழைப்பு இன்றியமையாதது என்று உழைப்பை வாங்குவோர் உணர்ந்தவிடத்து, அவள் குழந்தைக்கு ஓர் இடம் செய்வது கடினமாயிருக்கவில்லை. எழுத்தறியாத கொழுந்துப் பெண்ணுக்குக் குறையுடையதாயினும் ஓர் ஏற்பாட்டைச் செய்துகொடுத்த நாடு, பட்டதாரி ஆசிரியைக்கும் வைத்தியைக்கும் எழுதுவினைஞைக்கும் அதனைச் செய்ய எண்ணவில்லை. அவர்களுக்கு அம்மம்மா உண்டு என்று நம்பியிருந்தது.

இந்த நம்பிக்கையின் விலையை இன்றைய எண்கள் கூறுகின்றன. அரசாங்கப் பல்கலைக்கழகங்களிற் பயில்வோரில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் பெண்கள். ஆனால் நாட்டில் வேலை செய்யும் வயதுள்ள பெண்களிற் தொழிற்படையிற் சேர்ந்தோர் பல ஆண்டுகளாக மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே நிற்கின்றனர். ஆண்களிலோ மூன்றில் இரு பங்கினுக்கு மேல். பட்டதாரிப் பெண்கள் ஏனைய பெண்களினும் மிகுதியாகத் தொழிலில் உள்ளனர் என்பது மெய்யே. ஆயினும் உயர்கல்வி பெற்றோரிடை வேலையின்மை ஆணினும் பெண்ணையே மிகுதியாகப் பற்றியுள்ளது. அரசாங்க சேவையிலுள்ள தாய்க்கு 84 வேலைநாட்கள் முழுச் சம்பளத்துடனும், அதன்மேல் 84 நாட்கள் அரைச் சம்பளத்துடனும், மேலும் 84 நாட்கள் சம்பளமின்றியும் லீவு உண்டு. தனியார் துறையில் மூன்றாம் பிள்ளை முதல் 42 நாட்களாகக் குறைந்திருந்த லீவு 2018 ஆம் ஆண்டின் திருத்தங்களாலேயே 84 ஆக்கப்பட்டது. தந்தைக்கு அரசாங்க சேவையிற் கிடைப்பது மூன்று நாட்கள். மூன்று நாளில் ஒருவன் தந்தையாகக் கற்றுக்கொள்ளக் கூடியது யாது என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளட்டும். பிறப்பத்தாட்சிப் பத்திரத்துக்கு அலைவதற்கு அது போதும்.

பெண்கள் அரசாங்க உத்தியோகத்தையே நாடுகின்றனர், துணிந்து வேறு துறை செல்கிறார்களில்லை என்று குறைகூறுவோர் இந்த நாட்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இருபத்துமூன்று வயது மாணவி ஒருத்தி, இன்னும் பிறவாத குழந்தைக்காக 84 என்ற எண்ணை மனத்தில் வைத்துத் தன் தொழிலைத் தெரிகின்றாள்.

சென்ற ஆண்டின் மழைக்கால மாலையொன்றிற் கட்டுகஸ்தோட்டையில் உறவினர் வீட்டிற் தங்கியிருந்தபொழுது, மேல்மாடியில் வாடகைக்கு இருந்த மாணவியர் மூவரோடும் அவர்களுடன் பாடக் குறிப்பு வாங்க வந்த மாணவர் இருவரோடும் தேநீர் அருந்தும் வாய்ப்புக் கிடைத்தது. ஐவரும் இறுதியாண்டினர். தொழிலையும் குடும்பத்தையும் எவ்வாறு கொண்டு நடத்த உத்தேசம் என்று கேட்டேன். மாணவியர் மூவரிடமும் விடை ஆயத்தமாயிருந்தது. வவுனியாவைச் சேர்ந்தவர் பரீட்சை எழுதி நிர்வாக சேவைக்குப் போகவேண்டும் என்ற தம் விருப்பத்தைச் சொல்லி, ஆனால் இடமாற்றம் வரும் என்று கூறித் தாமே அதனைத் தள்ளிவைத்தார். ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர், தம்மைப் பிள்ளைக் காம்பிராவில் விட்டே தாய் மலைக்குப் போனதாகவும், தமக்குப் பிள்ளை பிறந்தால் விடுவதற்கு அவ்வாறான இடந்தானும் கண்டி நகரத்திற் கட்டுப்படியாகும் விலையில் இல்லையென்றும் கூறினார். மூன்றாமவர் மேற்படிப்புக்கு வெளிநாடு செல்வதா, அதற்குமுன் மணம் முடிப்பதா என்று வீட்டில் நடக்கும் வாதத்தை நடித்தே காட்டினார், எல்லோரும் சிரித்தோம்.

மாணவர் இருவரும் பேசவில்லை. கேள்வி தமக்கும் உரியது என்பதை அவர்கள் உணரச் சிறிது நேரம் சென்றது. பின்னர் பொறியியல் பயிலும் மாணவர், தாமும் மனைவியும் வேலைக்குப் போவதில் தமக்கு எந்த ஆட்சேபமும் இல்லை என்றார். பிள்ளையை யார் பார்ப்பது என்று ஹற்றன் மாணவி கேட்டார்.

“அம்மா பார்ப்பா,” என்றார் அவர்.

“உங்கட அம்மா என்ன செய்யிறா?” என்று வவுனியா மாணவி வினவினார்.

அவருடைய தாயார் பருத்தித்துறையில் ஆசிரியை. ஓய்வுபெற இன்னும் ஏழு ஆண்டுகள் உண்டு.